வேளைச் செபம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

தினமும் செபிக்க வேண்டும் என்று விரும்பும் கிறிஸ்தவர்களில் பலர், அந்த விருப்பம் சில நாட்களிலேயே தளர்ந்துபோவதை அறிந்திருக்கிறார்கள். கண்களை மூடி அமர்ந்ததும் என்ன சொல்வது என்று தெரிவதில்லை; சொல்ல நினைத்த விண்ணப்பங்கள் இரண்டு நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன; மனநிலை சரியில்லை என்று ஒருநாள் தள்ளிப்போட்டால், அடுத்த நாள் தள்ளிப்போடுவது இன்னும் எளிதாகிவிடுகிறது. இதைத் தங்கள் பக்திக் குறைவு என்று எடுத்துக்கொண்டு வருந்துபவர்களும் உண்டு. என் எண்ணத்தில், பெரும்பாலும் குறை அவர்களுடைய பக்தியில் இல்லை. எப்போது செபிப்பது, எந்தச் சொற்களால் செபிப்பது என்னும் இரண்டையும் நாள்தோறும் புதிதாகத் தாங்களே தீர்மானிக்க வேண்டிய பாரத்தை அவர்கள் தனியாகச் சுமக்கிறார்கள். திருச்சபை தன் தொடக்க நூற்றாண்டுகளிலேயே அந்தப் பாரத்தைத் தன் பிள்ளைகளின் தோளிலிருந்து இறக்கத் தொடங்கிவிட்டது. செபத்துக்கான நேரத்தைக் குறித்துக் கொடுத்தது. செபிப்பதற்கான சொற்களையும் கையில் தந்தது. அந்த ஏற்பாட்டைத்தான் இக்கட்டுரையில் வேளைச் செபம் என்று குறிப்பிடுகிறேன்.

ஒரு நாளின் குறிப்பிட்ட நேரங்களில், முன்னரே வகுக்கப்பட்ட ஒழுங்கின்படி, பெரும்பாலும் விவிலியத்தின் சொற்களைக் கொண்டே கடவுளைப் புகழ்வதும் அவரிடம் மன்றாடுவதும் வேளைச் செபம். கத்தோலிக்கத் திருச்சபையில் இது திருப்புகழ்மாலை என்றும், கட்டளைச் செபம் என்றும் அழைக்கப்படுகிறது. குருக்களும் துறவியரும் இதைக் கடமையாகச் சொல்லி வருவதால், பொதுநிலையினருக்கு இதில் பங்கில்லை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு ஆதாரம் கிடையாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, பொதுநிலையினரும் குருக்களோடு சேர்ந்தோ, தங்களுக்குள் கூடியோ, தனித்தோ இதைச் சொல்லும்படி வெளிப்படையாகவே ஊக்குவிக்கிறது. இச்செபத்தின் முதுகெலும்பாக இருப்பவை 150 திருப்பாடல்கள். சீர்திருத்தச் சபையினர் சங்கீதம் என்று அழைக்கும் அதே நூல்தான் இது.

வேளைகள் எங்கிருந்து வந்தன

நேரம் குறித்துச் செபிக்கும் பழக்கத்தைத் திருச்சபை யூதர்களிடமிருந்து பெற்றது. பாபிலோனில் இருந்த தானியேல், எருசலேமை நோக்கித் திறந்திருந்த பலகணியின் அருகே நாளுக்கு மூன்று முறை முழந்தாளிட்டுச் செபித்தார் என்று அவர் பெயரிலுள்ள நூலின் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. அரசரைத் தவிர வேறு எவரிடமும் வேண்டக்கூடாது என்ற தடை வந்த பிறகும், தாம் முன்பு செய்துவந்தபடியே அவர் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் அவரைத் தாங்கியது, ஆபத்து இல்லாத நாட்களில் வேரூன்றிய வழக்கம். மாலையிலும் காலையிலும் நண்பகலிலும் முறையிடுவேன் என்று 55-ஆம் திருப்பாடல் கூறுகிறது. நாளில் ஏழு முறை உம்மைப் புகழ்கிறேன் என்று 119-ஆம் திருப்பாடல் கூறுகிறது.

முதல் சீடர்கள் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. பேதுருவும் யோவானும் கோவில் வாயிலில் கால் ஊனமுற்றவரைச் சந்தித்தது, செப வேளையாகிய பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே சென்றபோதுதான். யாப்பாவில் பேதுரு வீட்டின் மேல்தளத்துக்கு ஏறிச் செபித்தது நண்பகல் வேளையில். பிலிப்பி நகரச் சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடினார்கள். புதிய ஏற்பாட்டுக்கு வெளியே கிடைக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ நூல்களுள் ஒன்றான திதாக்கே, இயேசு கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுங்கள் என்று நேரடியாகவே பணிக்கிறது. நெடுங்காலம் காணாமல் போயிருந்த இந்நூலின் கிரேக்கக் கையெழுத்துப் படியை, 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிலோத்தெயோஸ் பிரியேன்னியோஸ் என்ற ஆயர் கண்டெடுத்தார். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு இந்தச் சிறு கட்டளை பெரும் ஆறுதல் என்று நான் கருதுகிறேன். ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கும் ஒரே செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுங்கள் என்று கேட்பதிலிருந்தே திருச்சபை தொடங்கியது.

நான்காம் நூற்றாண்டில் இரண்டு ஓடைகள் உருவாயின. எகிப்தின் பாலைவனத் துறவிகள் திருப்பாடல்களை வரிசையாக மனப்பாடமாகச் சொல்லி வந்தார்கள். நகரத் திருச்சபைகளிலோ மக்கள் காலையிலும் மாலையிலும் ஆயரோடு கூடிச் செபித்தார்கள். அந்நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா என்ற பெண்மணி, அங்கே கல்லறைக் கோவிலில் விடியுமுன்னரே மக்கள் கூடுவதையும், மாலையில் விளக்குகள் ஏற்றப்படுவதையும் தம் தோழியருக்கு விரிவாக எழுதி அனுப்பினார்.

பெனடிக்ட் வகுத்த நாள்

இந்த ஓடைகளை மேற்கத்தியத் திருச்சபைக்கு ஒரே ஒழுங்காகச் சேர்த்துத் தந்தவர், நம் ஊர்களில் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கப்படும் நூர்சியா நகரத்துப் புனித பெனடிக்ட். ஆறாம் நூற்றாண்டின் முற்பாதியில், இத்தாலியின் மோந்தே கசீனோ மலைமேல் இருந்த தம் மடத்துக்காக அவர் எழுதிய ஒழுங்குநூல், இரவுச் செபத்தின் திருப்பாடல்கள் எவை, கோடைகாலத்தில் வாசகத்தை எவ்வளவு குறைப்பது என்பது வரை நுணுக்கமாக வகுக்கிறது. இரவு எழுந்து சொல்லும் செபம் ஒன்று. விடியற்காலை முதல் படுக்கப் போகும்வரை ஏழு. வாரத்துக்குள் 150 திருப்பாடல்களும் முடிந்துவிட வேண்டும். இந்தப் பங்கீடு யாருக்கேனும் பிடிக்கவில்லை என்றால் வேறுவிதமாக அமைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் அவர், வாரத்துக்கு ஒருமுறை முழு நூலையும் சொல்வதை மட்டும் விட்டுவிடக்கூடாது என்கிறார். நம் தந்தையர் ஒரே நாளில் செய்ததை, சோர்ந்துபோன நாம் ஒரு வாரத்திலாவது செய்வோமே என்பது அவர் தரும் காரணம்.

அந்த நூலை வெறும் சட்டத் தொகுப்பு என்று எண்ணுபவர்கள் அதன் கனிவைத் தவறவிடுகிறார்கள். இரவில் எழும்போது, தூக்கம் கலையாதவர்கள் சாக்குப்போக்குச் சொல்வார்கள் ஆகையால், சகோதரர்கள் ஒருவரையொருவர் மென்மையாக ஊக்கப்படுத்த வேண்டும் என்று 22-ஆம் அதிகாரம் சொல்கிறது. இரவுச் செபத்தின் தொடக்கத்தில் வரும் திருப்பாடலை மிக மெதுவாக இழுத்துப் பாடுங்கள், தாமதமாக வருபவர் அது முடிவதற்குள் வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று 43-ஆம் அதிகாரம் சொல்கிறது. தாமதமாக வருபவர்கள் இருப்பார்கள் என்பதை முன்னரே அறிந்து, அவர்களுக்காகவே ஒரு திருப்பாடலின் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறார். இல்லறத்தாருக்கு இன்னும் நெருக்கமானது 50-ஆம் அதிகாரம்: தொலைவில் வேலை செய்பவர்கள் உரிய நேரத்தில் கோவிலுக்கு வர இயலாவிட்டால், வேலை செய்யும் இடத்திலேயே முழந்தாளிட்டுச் செபிக்கட்டும், பயணத்தில் இருப்பவர்களும் தங்களால் இயன்ற அளவு அந்த வேளையைக் கடைப்பிடிக்கட்டும். அலுவலகத்திலும் பேருந்திலும் நாளைக் கழிக்கும் நமக்கு இந்த அதிகாரமே போதுமான அனுமதி.

இன்றைய கத்தோலிக்க அமைப்பு அதைவிட எளிமையானது. 1970 நவம்பர் 1 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட மடலின்படி, திருப்பாடல்கள் நான்கு வாரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. காலைச் செபமும் மாலைச் செபமும் நாள் முழுவதற்குமான இரு அச்சுகளாகக் கருதப்படுகின்றன. பகல் செபம், வாசகங்களுக்கான செபம், படுக்குமுன் சொல்லும் இரவுச் செபம் ஆகியவை மற்றவை.

ஒரு வேளையை அருகிலிருந்து பார்த்தல்

இவற்றுள் தொடங்குவோருக்கு மிகவும் பொருத்தமானது இரவுச் செபம். அது குறுகியது, பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும், வாரத்தின் ஏழு நாட்களுக்கும் உரிய பகுதிகள் வாரந்தோறும் திரும்பத் திரும்ப வருவதால், சில மாதங்களில் பெரும்பகுதி மனப்பாடமாகிவிடும்.

சிலுவை அடையாளம் இட்டு, கடவுளே எனக்குத் துணையாக வாரும், விரைந்து எனக்கு உதவி செய்யும் என்று கேட்பதோடு அது தொடங்குகிறது. 70-ஆம் திருப்பாடலின் முதல் அடி இது. எகிப்தியத் துறவியர் இந்த ஓர் அடியையே நாள் முழுவதும் மனத்துக்குள் சொல்லி வந்ததாக ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் கசியான் என்ற துறவி பதிவு செய்திருக்கிறார். செபிப்பதற்கான ஆற்றலையே முதலில் கேட்டுப் பெறுகிறோம் என்பதால், களைப்பாக இருக்கிறது, மனம் ஒருமுகப்படவில்லை என்ற காரணங்கள் எதுவும் தொடங்குவதற்குத் தடையாக நிற்பதில்லை. அதன்பின் சிறிது மௌனம். அந்த நாளில் செய்ததையும் செய்யத் தவறியதையும் கடவுள் முன்னிலையில் எண்ணிப் பார்க்கும் நேரம் அது. பிறகு ஒரு பாடல், தொடர்ந்து திருப்பாடல்.

ஞாயிறு இரவுக்கு 91-ஆம் திருப்பாடல், வியாழன் இரவுக்கு 16-ஆம் திருப்பாடல் என ஒவ்வொரு நாளுக்கும் உரியது குறிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளி இரவுக்கு உரியது 88-ஆம் திருப்பாடல். விவிலியத்திலுள்ள புலம்பல்களில் இதைப்போல இருண்டது அரிது. மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதே இல்லை. நண்பர்கள் விலகிவிட்டார்கள், இருள் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. வேலையில் பாராட்டுப் பெற்று, குடும்பத்தோடு சிரித்துப் பேசி முடித்த ஒரு வெள்ளிக்கிழமை இரவில் இந்தப் பாடலைச் சொல்ல நேர்வது முதலில் பொருந்தாததாகவே தோன்றும். ஆயினும் அந்த இரவில் மருத்துவமனைப் படுக்கையிலோ, துக்க வீட்டிலோ, சிறையிலோ வாய்திறந்து செபிக்க இயலாமல் கிடக்கும் ஒருவருக்கு அந்தச் சொற்கள் பொருந்துகின்றன. அவருடைய இடத்தில் நின்று அவற்றை நாம் சொல்கிறோம். நமக்கே அப்படிப்பட்ட இரவு வரும்போது, எங்கோ ஒருவர் நமக்காக அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். நம் மனநிலைக்கு ஏற்ற திருப்பாடலை நாமே தேர்ந்தெடுக்காமல், கொடுக்கப்பட்டதை ஏற்றுக்கொள்வதன் முழுப் பொருளும் இங்கே விளங்குகிறது.

திருப்பாடலின் முடிவில் தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் மாட்சி கூறப்படுகிறது. 88-ஆம் பாடலுக்குப் பின்னும் அது தவறுவதில்லை. ஒரு சிறு வாசகத்துக்குப் பிறகு, உம் கையில் என் ஆவியை ஒப்படைக்கிறேன் என்ற பதிலுரை வருகிறது. அதற்கடுத்து, குழந்தை இயேசுவைக் கைகளில் ஏந்திய முதியவர் சிமியோன், இனி உம் அடியானை அமைதியுடன் போகவிடும் என்று பாடிய பாடல். இறுதியாக ஒரு சிறு மன்றாட்டு, அமைதியான இரவுக்கான ஆசி, அன்னை மரியாவை நோக்கிய ஒரு பாடல். காலைச் செபத்தில் சிமியோனின் இடத்தில் செக்கரியாவின் பாடலும், மாலைச் செபத்தில் மரியாவின் பாடலும் இடம்பெறும். மாலை மன்றாட்டுகளின் கடைசி வேண்டுதல் எப்போதும் இறந்தோருக்கானது.

மற்றச் சபைகளில்

பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் மடங்களை மூடிய இடங்களிலும் வேளைச் செபம் மறைந்துவிடவில்லை. இங்கிலாந்தில் பேராயர் தாமஸ் கிரான்மர் 1549-இல் வெளிவந்த பொதுச் செப நூலில், மடங்களின் பல வேளைகளைக் காலை, மாலை என்ற இரண்டாகச் சுருக்கி, அனைவருக்கும் புரியும் தாய்மொழியில் வைத்தார். திருப்பாடல்கள் முழுவதும் மாதத்துக்கு ஒருமுறை முடியும்படி அறுபது பகுதிகளாக்கப்பட்டன. 31 நாட்கள் உள்ள மாதங்களில், கடைசி நாளன்று முந்தைய நாளின் பகுதியே மறுபடியும் சொல்லப்படுகிறது. மரியாவின் பாடலும் சிமியோனின் பாடலும் அவருடைய மாலைச் செபத்தில் அருகருகே நிற்கின்றன.

மார்ட்டின் லூதர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் இல்லத்தாருக்குத் தந்த முறை இன்னும் சுருக்கமானது. காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பரமண்டல செபம், விரும்பினால் ஒரு சிறு செபம். பிறகு பாடிக்கொண்டே மகிழ்ச்சியோடு வேலைக்குப் போ என்கிறார். இரவிலும் அதே ஒழுங்கு; முடித்ததும் உடனே நிம்மதியாகத் தூங்கிவிடு என்கிறார். செபம் முடிந்தபின் கவலையை மீண்டும் கையிலெடுக்காதே என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. லூத்தரன் மரபிலிருந்து வந்த சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கி, இந்தச் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

அதற்கும் முன்பே முத்துக்குளித்துறையில் வேளைச் செபம் வேறொரு வடிவில் வந்திருந்தது. 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உதவியாளர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் அமைத்து, கையில் மணியோடு ஊர்களில் நடந்து மக்களைக் கூட்டிக் கற்பித்ததையும், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லித் தந்ததையும் தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ்நூலாகிய தம்பிரான் வணக்கம், 1578-இல் கொல்லத்தில் இயேசு சபைக் குருவான அன்றிக் அடிகளாரின் முயற்சியால் வெளிவந்தபோது, அதுவும் விசுவாசத்தையும் செபங்களையும் கற்பிக்கும் நூலாகவே இருந்தது. கத்தோலிக்க ஆலயங்களில் மூவேளைச் செபத்துக்காக ஒலிக்கும் மணியும், மாலையில் வீட்டார் கூடிச் சொல்லும் செபமாலையும் இதே மரபின் எளிய வடிவங்கள். திருப்பாடல் நூலை வாசிக்க இயலாதவர்கள், 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 முறை மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லி வந்ததும் செபமாலை வளர்ந்த வழிகளில் ஒன்று. சீர்திருத்தச் சபை வீடுகளில் இரவு உணவுக்கு முன்போ பின்போ நடக்கும் குடும்ப ஜெபமும், கீர்த்தனைப் புத்தகங்களில் காலைப் பாடல்கள், மாலைப் பாடல்கள் என்று தனியாக உள்ள பகுதிகளும் அவ்வாறே.

எழுதிவைத்த சொற்கள் உண்மையான செபமாகுமா

இக்கேள்வி நேர்மையானது, குறிப்பாக, உள்ளத்திலிருந்து தானாக எழும் செபமே செபம் என்று கற்றவர்கள் இதைக் கேட்பார்கள். வீண் வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று இயேசு மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் எச்சரித்ததை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அந்த எச்சரிக்கைக்கு அடுத்த அடிகளிலேயே, இவ்வாறு செபியுங்கள் என்று சொல்லி அவர் சொற்களைக் கொடுத்தார். அவரே சிலுவையில் உயிர்விடும் நேரத்தில், என் இறைவா ஏன் என்னைக் கைவிட்டீர் என்று 22-ஆம் திருப்பாடலின் முதல் அடியைச் சொன்னார். உம் கையில் என் ஆவியை ஒப்படைக்கிறேன் என்று 31-ஆம் திருப்பாடலின் சொற்களைச் சொன்னார். அவை பிறர் எழுதிய சொற்கள். தம் மக்களின் வழிபாட்டு நூலிலிருந்து அவர் கற்றவை. அவற்றைவிட உண்மையாகச் செபிக்கப்பட்ட சொற்கள் உலகில் இல்லை. இரவுச் செபத்தில் வரும் பதிலுரை அதே சொற்கள்தாம் என்பதை நினைவில் வைத்தால், அதை இயந்திரம்போல் உச்சரித்துக் கடந்துபோவது கடினம்.

தாய்மொழியைப் பிள்ளை கற்பதைப்போலவே இதுவும் நிகழ்கிறது: பிறருடைய சொற்களைத் திருப்பிச் சொல்லிச் சொல்லியே சொந்தமாகப் பேச வருகிறது. சில வாரங்கள் திருப்பாடல்களோடு பழகியவர்களின் சொந்த விண்ணப்பங்களிலும் மாற்றம் வருவதைக் காணலாம். முன்பு வேண்டுதல் மட்டுமே இருந்த இடத்தில் நன்றியும், புகழ்ச்சியும், சில வேளைகளில் வெளிப்படையான முறையீடும் இடம்பெறத் தொடங்கும்.

மனம் அலைபாய்வது எல்லோருக்கும் உரியது. நம் மனம் நம் குரலோடு ஒத்திசைய வேண்டும் என்று பெனடிக்ட் எழுதினார். குரல் முன்னால் போகும், மனம் பின்னால் வந்து சேரும் என்ற வரிசை அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே வாய்விட்டு, மெல்லிய குரலிலாவது சொல்லுங்கள். ஒவ்வோர் அடியின் நடுவிலும் ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்துங்கள். மடங்களில் இரு பக்கமும் நின்று மாறி மாறிப் பாடுவோர் இந்த நிறுத்தத்தை மிகவும் கவனமாகக் காப்பதை, அங்கே ஒருமுறை அமர்ந்து கேட்டாலே உணரலாம். மனம் விலகிவிட்டதைக் கண்டால், விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இருக்கும் அடியிலிருந்து தொடர்ந்தால் போதும்.

தொடங்குவதற்கு என் பரிந்துரை மிகவும் குறைவானது. ஒரே ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு செயலுக்கு ஒட்டியதாக அது இருக்கட்டும். படுக்கையை விரித்தபின், அல்லது காலைக் காபிக்கு முன். திருப்புகழ்மாலை நூல் கையில் இல்லாவிட்டால் விவிலியமே போதும்: இரவில் 4-ஆம் திருப்பாடலையோ 91-ஆம் திருப்பாடலையோ சொல்லி, லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலுள்ள சிமியோனின் பாடலைச் சொல்லி, இயேசு கற்பித்த செபத்தோடு முடிக்கலாம். காலையில் 63-ஆம் திருப்பாடல், செக்கரியாவின் பாடல், அதே செபம். செக்கரியாவின் பாடல் லூக்காவின் முதல் அதிகாரத்தின் இறுதியில் இருக்கிறது. உங்கள் சொந்த விண்ணப்பங்களை இயேசு கற்பித்த செபத்துக்கு முன் வையுங்கள். முதல் மாதத்திலேயே எல்லா வேளைகளையும் பிடிக்க முயல்பவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். ஒரு வேளை நன்றாக நிலைத்தபின் அடுத்ததைச் சேர்ப்பதே நல்லது.

ஒரு வேளை தவறிவிட்டால், அதைச் சேர்த்துவைத்து மறுநாள் இரட்டிப்பாகச் சொல்லவேண்டாம். காலைச் செபம் காலைக்கு உரியது. அது போனால் போயிற்று. அன்று வெளியூரிலோ, பேருந்திலோ, நோயாளியின் அருகிலோ இருந்தால் இயேசு கற்பித்த செபம் ஒன்றை மட்டும் சொன்னாலும் அந்த வேளையைக் கடைப்பிடித்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேளை வந்ததும், கடவுளே எனக்குத் துணையாக வாரும் என்று வழக்கம்போலத் தொடங்குங்கள்.